ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு காய்

நான் தேங்காய் எண்ணுகிறவள். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகிற ரோட்டை ஒட்டி ஒரு தேங்காய்க் களம். அதில் முப்பத்தெட்டு வருடம் எண்ணினேன். உரிக்கிறவர்கள் உரிப்பார்கள், ஏற்றுகிறவர்கள் ஏற்றுவார்கள், எண்ணுவது நான் மட்டும். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றுபோயிற்று. எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனால் எண் விஷயத்தில் என்னை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. காய் எடுக்க வருகிற லாரிக்காரர்கள், யார் எண்ணியது என்று கேட்பார்கள். நான் என்று தெரிந்தால் போதும், தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதில் எனக்குப் பெருமைதான். அதை மறைப்பானேன்.

எங்கள் பக்கம் காய் எண்ணுகிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது பிடிபடாது. உரித்த காயில் குடுமியை விட்டிருப்பார்கள். எறிகிறவள் அந்தக் குடுமியைப் பிடித்து, வலது கையில் இரண்டு இடது கையில் இரண்டு, ஆக நாலு காயை ஒரே வீச்சில் இந்தக் குவியலிலிருந்து எடுத்து அந்தப் பக்கம் போடுவாள். இருபத்தைந்து வீச்சு ஆனால் நூறு. நான் இரண்டு குவியலுக்கும் நடுவில் பலகை போட்டு உட்கார்ந்து வீச்சைச் சொல்லிக்கொண்டே வருவேன். நூறு ஆனதும் ஒரு காயை எடுத்து என் முன்னால் வைப்பேன். அது அடையாளக் காய். அப்படி நூறு அடையாளம் சேர்ந்தால் பத்தாயிரம். உடனே இன்னொரு காயை எடுத்துச் சுவர் ஓரத்தில் வைப்பேன். அது பெரிய அடையாளம். முன்னால் சேர்ந்த நூறு சின்ன அடையாளங்களையும் எண்ணி முடித்த குவியலில் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. எண்ணிய காயை மறுபடி தொடக் கூடாது. தொட்டால் எண்ணிக்கை கலைந்துபோகும் என்பார்கள். அதனால் அடையாளக் காயை எண்ணாத குவியலிலிருந்துதான் எடுப்போம். சின்ன அடையாளமும் அப்படித்தான், பெரியதும் அப்படித்தான். எனக்கு முன்னால் அந்தப் பலகையில் உட்கார்ந்தவளும் அப்படித்தான் எடுத்தாள். அக்கம் பக்கத்துக் களங்களிலும் அதுவே வழக்கம். வாங்குகிறவர் தன் ஆளை அனுப்பினால் அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி எண்ணுவார். இரண்டு பேருக்கும் ஒரே எண் வரும். கைகூப்பிவிட்டுப் போய்விடுவார்.

இதைக் கேட்கிறவர்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். எனக்கு முப்பத்தெட்டு வருடம் ஆயிற்று.

இந்த வருடம் களத்துக்கு எண்ணும் மெஷின் வந்தது. களத்து முதலாளியான பெரியவர் காலமான பிறகு களத்தைப் பார்ப்பது அவர் மகன். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தவர். தொட்டிலில் கிடக்கும்போதே நான் பார்த்த பிள்ளை என்பதால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அம்மா என்பார். மெஷின் என்றால் ஒரு நீளமான பெல்ட். காய் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஓட, மேலே சிவப்பாக எண் ஏறிக்கொண்டே போகும். களத்துக்கு வருகிற காய் எல்லாம் அதில் ஓடித்தான் குவியலுக்குப் போக வேண்டும் என்று ஆயிற்று. வெளியே போகிற காயையும் அதிலேயே விட்டுவிடலாம் என்று தம்பி சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

"வர்ற காய அது எண்ணட்டுங்க தம்பி. போற காய நான் எண்ணறேன். ரெண்டு பேருக்கும் ஒத்து வருதான்னுதான் பாத்துப்போடலாமே," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். பந்தயத்துக்கு மெஷினைக் கூப்பிட்டது நான்தான். அதை யார் மேலும் போட முடியாது.

மெஷின் கணக்குப்படி குவியலில் சரியாக ஒன்றரை லட்சம் காய் சேர்ந்த சமயத்தில், வடக்கே தேங்காய்த் தூள் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் காய் கேட்டு வந்தது. எண்ணி அனுப்ப வேண்டும், ஒன்று கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஏழு லாரி. நாலு நாள் எண்ணினேன். எறிகிறவர்கள் தோள் வலித்து ஆள் மாறினார்கள், நான் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. களத்து மூலையில் குடியிருக்கிறவள்தான் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். வைத்துவிட்டு, "அக்காவ இப்பத் தும்மச் சொன்னாக்கூட நம்பர்தான் வரும்," என்று எறிகிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனாள். சுவர் ஓரத்தில் பன்னிரண்டாவது பெரிய அடையாளத்தை வைத்ததும் நிறுத்தினேன். ஏழாவது லாரியும் போயிற்று.

மறுநாள் காலை மிச்சக் காயைப் பெல்ட்டில் விட்டார்கள். முப்பதாயிரத்தில் நிற்க வேண்டும். நான் வெற்றிலையைக் கூடப் போடாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டில் காய் தீர்ந்துவிட்டது. பெல்ட் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் நிறுத்தினார்கள். இரண்டாம் தடவையும் விட்டார்கள். அதே எண். ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு காயைக் காணவில்லை.

நூறு இருநூறு என்றால் அழுகலில் போயிற்று, எலியில் போயிற்று என்று சொல்லலாம். ஆயிரத்துச் சொச்சம் எங்கே போகும். உரிக்கிறவர்கள் எல்லாரும் மட்டை கிழிக்கிற கம்பியை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒரு பெண் மூலை அறையைப் பார்த்தாள். அப்புறம் இன்னொருத்தி பார்த்தாள்.

அந்த அறையில் இருக்கிறவள் தனியாள். புருஷன் போய்ப் பல வருடம். பகலில் எங்களோடு காய் உரிப்பாள், ராத்திரிக் காவலும் அவள்தான். களத்து வாசல் கேட்டின் சாவி அவள் இடுப்பில் இருக்கும். உடுமலைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள், கூலிக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஊர்ப் பக்கத்துச் சர்ச்சுக்குப் போவாள், மற்ற நாளில் களத்தை விட்டு நகர மாட்டாள். அவளுக்கு வீடு என்றால் அந்த ஓர் அறைதான்.

தம்பி என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். "ஏனுங்கம்மா, உங்க எண்ணிக்கைல ஏதாச்சும் முன்னப்பின்ன இருக்குமுங்களா?"

அந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"என் எண்ணிக்கை தப்பாதுங்க. காய் போயிருக்குது. போன எடத்தப் பாருங்க."

நான் யாரையும் கை காட்டவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல்தான் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் முதலில் சிரித்தாள். அத்தனை காயை எந்த மடியில் கட்டுவேன் என்று கேட்டாள். யாரும் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் மாறியது. அறையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு தகரப் பெட்டி, நாலு சேலை, பைபிள், அடுப்புக்குப் பக்கத்தில் அரை மூடித் தேங்காய். ஒருத்தி அந்த அரை மூடியை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள். தம்பி போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அவள் சாவியை அவிழ்த்து மெஷின் மேல் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதியமே போய்விட்டாள். போகும்போது என் பக்கம் வந்து ஒரு தடவை பார்த்தாள். சிங்காநல்லூரில் தங்கை வீடு இருக்கிறது, அங்கே போயிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு சின்ன லோடு. பத்தாயிரம் காய்தான். எண்ணி முடித்தேன். சுவர் ஓரத்தில் ஒரே ஒரு பெரிய அடையாளம் இருந்தது. ஏற்றுகிறவர் லாரியிலிருந்து குனிந்து, இந்த ஒற்றைக் காயையும் போட்டுவிடலாமா என்று கேட்டார். போடுங்க என்றேன். எப்போதும் சொல்கிறதுதான். ஒவ்வொரு லோடுக்கும் கடைசியில் யாராவது கேட்பார்கள், நானும் அதையேதான் சொல்வேன். அவர் அதைத் தூக்கிக் குவியல் மேல் எறிந்தார். அது உருண்டு போய் மற்ற காயோடு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் காய் நான் எண்ணாத காய். எந்த நூறிலும் அது இல்லை. நூறு நூறாக எல்லாம் முடிந்த பிறகு, எண்ணாத குவியலிலிருந்து எடுத்து வைத்தது. அது இப்போது லாரியில் போகிறது. போன லோடில் இப்படிப் பன்னிரண்டு காய் போயிருக்கிறது. காணாமல் போனது ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. அந்தக் கடைசிப் பன்னிரண்டும் என் கண் முன்னால், என் வாயால் சொல்லி ஏற்றியது.

அப்படியானால் சின்ன அடையாளங்கள். ஒரு பெரிய அடையாளத்துக்கு நூறு சின்ன அடையாளம். பன்னிரண்டுக்கு ஆயிரத்து இருநூறு. அவையும் எந்த நூறிலும் சேராதவை. அவற்றையும் நானேதான் எண்ணிய குவியலில் தள்ளினேன். ஆயிரத்து இருநூறும் பன்னிரண்டும். மிச்சம் மீதி ஒன்றும் இல்லாமல் அதே எண்.

திருடுகிறவள் அப்படியா திருடுவாள், நூற்றுக்கு ஒன்று, நூறு நூற்றுக்கு இன்னொன்று என்று.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் என் கையை நான் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. புளியங்கொட்டையைத் தரையில் கொட்டிச் சின்ன அளவில் செய்து பார்த்தேன். பத்துக்கு ஓர் அடையாளம், பத்து அடையாளத்துக்கு ஒரு பெரிய அடையாளம். களத்தில் எடுக்கிற மாதிரியே எண்ணாத பக்கத்திலிருந்து எடுத்தேன். நூறு ஆயிற்று என்று நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒவ்வொன்றாக எண்ணினேன். நூற்றுப் பதினொன்று.

இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒற்றை ஒற்றையாக நுழைந்த கொட்டைதானே, வரிசை போட்டுப் பார்த்தால் எந்த வரிசையிலும் ஒட்டாமல் மிஞ்சி நிற்கும் என்று நினைத்தேன். இரண்டிரண்டாக வைத்தேன், ஒன்று மிஞ்சியது. நாலு நாலாக வைத்தேன், மூன்று மிஞ்சியது. ஐந்தைந்தாக வைத்தேன், ஒன்று. மூன்று மூன்றாக வைத்தால் முப்பத்தேழு வரிசை, ஒரு கொட்டை மிஞ்சவில்லை. அதைப் பார்த்து நான் பயந்தேபோனேன். தப்பு என்றால் கோணல் மாணலாக இருக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். இது நான் வாழ்நாளில் போட்ட எந்தச் சரியான எண்ணிக்கையையும் விட ஒழுங்காக இருந்தது.

சாக்பீஸ் எடுத்துத் தரையில் எழுதினேன். 120000. அதன் கீழே 1212. கூட்டிப் போட்டேன். படித்தவர்கள் நடுவில் கமா போடுவார்கள், ஒரு லட்சம் தனி, ஆயிரம் தனி என்று. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் ஒட்டித்தான் எழுதுவேன். அதனால்தான் அது கண்ணில் பட்டது.

121212.

பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. முதல் பன்னிரண்டு நான் எண்ணிய பத்தாயிரங்கள். நடுவில் இருப்பது சின்ன அடையாளங்கள், நூறு நூறாகப் பன்னிரண்டு. கடைசிப் பன்னிரண்டு சுவர் ஓரத்தில் இருந்தவை. நான் செய்த வேலை முழுக்க அந்த ஓர் எண்ணுக்குள் வரிசையாக நின்றது. அவள் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

மறுநாள் காலையில் தம்பி வந்ததும் ஆபீஸ் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு நம்பவில்லை. மெஷின்தான் எங்கேயாவது தடுக்கியிருக்கும், வயதான காலத்தில் நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். அந்தம்மாவும் போய்விட்டது, இனி எதற்குக் கிளற வேண்டும், விட்டுவிடுங்கள் என்றார். எனக்கு நல்லது செய்கிறதாகத்தான் நினைத்தார். ஒரு நொடி நானும் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பொய் சொல்லவில்லை. அந்த நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துகூட விட்டேன்.

அப்புறம் மேஜை மேல் கிடந்த காகிதத்தில் அந்த எண்ணை எழுதி அவர் பக்கம் தள்ளினேன். "காய் போன கம்பெனிக்குப் போன் போடுங்க தம்பி. அவுங்களும் மெஷின்லதான எண்ணுவாங்க. எத்தன வந்துச்சுன்னு கேளுங்க. இந்த நம்பர் இல்லீன்னா நான் இனி வாயத் தொறக்கல."

அவர் போனை மேஜையில் வைத்து எனக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார். அந்தப் பக்கம் பேசியவர் தமிழ் ஆள்தான். காய் எத்தனை வந்தது என்றதும் கொஞ்சம் தயங்கினார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். கால் மணி நேரம் ஆயிற்று. அவரே கூப்பிட்டார். கொசுறாக நூற்றுக்கு ஒன்று சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்துவிட்டோம் என்று இழுத்தார். எண்ணைச் சொல்லுங்கள் என்றார் தம்பி.

"ஒரு லட்சத்தி இருவத்தோராயரத்தி எரநூத்திப் பன்னெண்டுங்க. நூத்துக்கு ஒண்ணுன்னா ஆயரத்தி எரநூறுதான வரணும்? அதுக்கு மேல ஒரு பன்னெண்டு காய் எதுக்குன்னுதான் எங்களுக்கு வெளங்கலீங்க."

தம்பி காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியிருந்தது. இந்த உலகத்தில் அந்தப் பன்னிரண்டு காய் எதற்கு என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். எண் சரியாக வந்தது என்று முப்பத்தெட்டு வருடமும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அது சரியாக வந்ததும் அந்தக் காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

தம்பி போனை வைத்தார். அப்புறம் கால்குலேட்டரைத் திறந்து தட்ட ஆரம்பித்தார். அதிர்ச்சி வந்தால் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வேலை வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய அடையாளம் என்று நான் வைப்பது பத்தாயிரம் இல்லை, பத்தாயிரத்து நூற்று ஒன்று என்றார். ஐந்து வைத்தால் 50505, முப்பத்தைந்து வைத்தால் 353535, எந்த எண்ணை வைத்தாலும் அது மூன்று தடவை வந்து நிற்கிறது என்று காட்டினார். பத்தாயிரத்து நூற்று ஒன்று மூன்றால் வகுபடுகிறது, ஏழால் வகுபடுகிறது, பதின்மூன்றால் வகுபடுகிறது, முப்பத்தேழால் வகுபடுகிறது. ஆகவே நான் எத்தனை அடையாளம் வைத்தாலும் இந்த நாலும் மிச்சமில்லாமல் போகும். ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஏழு லாரிக்குச் சமமாகப் பிரித்தால் ஆறு காய் இடிக்கிறது என்று ஏற்றுகிற அன்றைக்கு அவரே குறைப்பட்டார். இந்த எண்ணோ லாரிக்குப் பதினேழாயிரத்து முந்நூற்றுப் பதினாறு என்று சுத்தமாகப் பிரிந்தது. ஏழும் பதின்மூன்றும் எதற்கும் அடங்காத எண்கள் என்பது களத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். அவை இதற்கு அடங்கிக் கிடந்தன. இத்தனை கட்டுக்கோப்பாக ஒரு தப்பு என் கையில் குடியிருந்திருக்கிறது.

"அந்தம்மாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிர்றனுங்க," என்றார் தம்பி.

வேண்டாம் என்றேன். போன இடத்தைப் பாருங்கள் என்று சொன்னது என் வாய்.

அன்றைக்கே பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துச் சிங்காநல்லூர் போனேன். குளத்துக்கு இந்தப் பக்கம், மில்லுக்குப் பின்னால் லைன் வீடு. வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா. இன்னும் ஏதாச்சும் கொறையுதுங்களா?"

நின்றுகொண்டே சொன்னேன். அடையாளக் காயைச் சொன்னேன், பன்னிரண்டைச் சொன்னேன், போனில் கேட்டதைச் சொன்னேன். அவள் முறத்தை நிறுத்தாமல் கேட்டாள். நான் முடித்ததும் ஒரு கல்லைப் பொறுக்கி வீசிவிட்டு, "அப்ப நான் எடுத்தது எத்தனைங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு."

"அந்த அர மூடி?"

அதைப் பழி விழுந்ததற்கு முந்தின நாள் கடையில் வாங்கியதாக அவளே சொன்னாள். களத்தில் இத்தனை காய் கிடக்க இவள் எதற்குக் கடைக்குப் போனாள் என்று கேட்பவர்கள் கேட்கட்டும், கேட்காமல் ஒரு காயை எடுத்தவள் இல்லை என்றாள். உள்ளே இருந்து தங்கை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டேன். தம்பியும் சாவியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார் என்றேன்.

"எனக்கு மட்டும் சொன்னாப் பத்துமுங்களாக்கா? அன்னிக்கு எல்லாத்து முன்னாலயும்தான சொன்னீங்க. அதே எடத்துல சொல்லுங்க. அப்பறம் நான் வாரேன்."

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு உரிக்கிறவர்கள், ஏற்றுகிறவர்கள், எறிகிற பெண்கள் என்று அத்தனை பேரையும் தம்பி நிற்க வைத்தார். அவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே காலை வைக்கவில்லை. நான் பலகையில் உட்கார்ந்து ஒருத்தியை எறியச் சொன்னேன். இருபத்தைந்து வீச்சு. நூறு என்று சொல்லி, எப்போதும் போல அடையாளக் காயை எடுத்து வைத்தேன். அதை எண்ணிய குவியலில் தள்ளிவிட்டு, இப்போது இதை ஒவ்வொன்றாக எண்ணுங்கள் என்றேன். எண்ணிய காயைத் தொடச் சொல்கிறேனே என்று முதலில் யாரும் கையை நீட்டவில்லை. கடைசியில் அன்றைக்கு அரை மூடியைத் தூக்கிக் காட்டினாளே, அவளே வந்து குனிந்து எண்ணினாள். நூற்று ஒன்று. மறுபடி எண்ணினாள். நூற்று ஒன்று.

"காய் திருட்டுப் போகல. நான்தான் சேத்து அனுப்பிச்சுப்போட்டேன். பழிய அந்தம்மணி மேல போட்டதும் நான்தான்," என்று சொன்னேன். வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். தம்பி சாவியை நீட்டினார். அவ்வளவுதான், முடிந்தது, இனி வேலையைப் பார்க்கலாம் என்று நான் பலகையை விட்டு எழுந்தேன். அப்போது உரிக்கிறவர்களில் மூத்தவர், பெரியவர் காலத்திலிருந்து அந்தக் கம்பியிலேயே நிற்கிறவர், யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப நானூத்தி நாலு?"

அது ஓர் ஆளின் பெயர். இருபது வருடத்துக்கு முன்னால் தோப்பிலிருந்து களத்துக்குக் காய் கொண்டுவந்த வண்டிக்காரர். தோப்பில் மரத்துக்கு மரம் எண்ணி ஏற்றிவிட்ட காய். இங்கே நான் அதிலிருந்து நாற்பதாயிரம் எண்ணி வெளியே அனுப்பினேன். மிச்சத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது நானூற்று நாலு காய் குறைந்தது. வழியில் இறக்கிவிட்டார் என்று ஆயிற்று. அன்றைக்கும் பெரியவர் என்னைத்தான் கேட்டார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு சந்தையில் அவர் தலை தெரிந்தால் நானூற்று நாலு என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். மாட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ஊரை விட்டே போனார். இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எனக்குப் புளியங்கொட்டையும் வேண்டியிருக்கவில்லை, சாக்பீஸும் வேண்டியிருக்கவில்லை. நாலு பெரிய அடையாளம். நானூறு சின்ன அடையாளம். இருபது வருடமாக அந்த எண்ணை ஊரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். அவர் செய்யவில்லை என்பதற்கான சாட்சியைத்தான் அத்தனை பேரும் அவருக்குப் பெயராக வைத்துக் கேலி செய்தோம்.

மறுபடி பலகையில் உட்கார்ந்துவிட்டேன். மூத்தவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கம்பிக்குத் திரும்பிப் போனார். அந்த வண்டிக்காரர் குடும்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மனைவி உடுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு மகளோடு இருப்பதாக யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது.

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தம்மா ஊடு எனக்குத் தெரியுமுங்க. எங்க சர்ச்சுக்குத்தான் வரும்," என்றாள். "நீங்க தனியாப் போனா உள்ள உட மாட்டாங்க. இருங்க, சேலைய மாத்திப்போட்டு வாரேன்."

தகரப் பெட்டியை அறைக்குள் வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்தாள். ஒன்பதரை உடுமலை பஸ்ஸில் இருவரும் ஏறினோம். உட்கார இடம் இருந்தது. அவள் எனக்கு முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.